பாய்வள்ளம் புதுக்குதல்

கட்டியவனின் பெயர் நிலைத்திருப்பதும் பேணியவனின் பெயர் மறைந்துபோவதும் உலக இயல்பு. கோயிலுக்குக் கோபுரம் எடுத்தவரைக் கல்வெட்டுச் சொல்லும். ஆண்டுதோறும் அக்கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி எறிந்தவரை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கடலோடும் கலங்களின் கதையும் இத்தகையதே.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலே பிறந்தவர்கள் 'அன்னபூரணி' என்னும் கப்பலின் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையிலே வேம்பும் இலுப்பையுங் கொண்டு கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். இவர் கடலறியாத செல்வர் அல்லர். 32 அடி நீளமேயுள்ள 'சுவாப்' என்னும் சிறு பாய்க்கப்பலிலே 1928இற் புறப்பட்டு 1931 வரையிலே உலகைச் சுற்றிவந்தவர். 'சுவாப்' என்பது வடமொழிச் சொல். கனவு என்று அவர் அதற்குப் பொருள்கொண்டார். துறைமுகங்கள் பலவற்றைக் கண்ட அக்கண்ணுக்கு எங்கள் கரையிற் கட்டிய கலம் பிடித்துப்போயிற்று. தம் மனைவியாரின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று அதற்குப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செலுத்தினர். சுயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்திலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது.

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் கப்பலைக் கட்டிய கைத்திறனையும் செலுத்திய துணிவையும் போற்றுகின்றோம். போற்றவேண்டியதுதான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கா சென்றபோது அது புதுக்கப்பல் அன்று. உப்புநீரில் ஏழெட்டு ஆண்டு கிடந்த கப்பல். அதன் பலகைப் பொருத்துகளை ஆண்டுக்காண்டு அடைத்தவர் யார்? இற்ற ஆணியைக் கண்டுபிடித்துக் கழற்றியவர் யார்? தேய்ந்த கயிற்றை மாற்றியவர் யார்? அவர்களுடைய அறிவு எத்தகையது? அந்த அறிவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இதைப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே. அந்த அறிவை மதியாமல் நடந்து, ஓராண்டுக் காலத்தை இழந்தவன் நான்.

என் பெரியப்பாவிடம் இருபத்துநான்கு அடி நீளமுள்ள பாய்வள்ளம் ஒன்று இருந்தது. ஒற்றைப் பாய்மரம், வேப்பம்பலகை, இலுப்பை வங்குகள். வங்கு என்பது கலத்தின் விலா எலும்பு போன்ற வளைமரம். மீன்பிடிக்காக அவர் அதை வைத்திருக்கவில்லை. அவருடைய தந்தையார் ரங்கூன்வரை சென்றுவந்த தண்டையல். கப்பற்றொழில் குன்றியபின் மகன் கடை வைத்தார். கடலை மட்டும் விடவில்லை. சோழகக் காற்று இளகிய நாள்களிலே கரையோரமாகக் காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை என்று போய்வருவார். ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அந்த வள்ளத்திலேயே எங்களை ஏற்றிச்செல்வார். வள்ளத்தின் அணியத்திலே அமர்ந்து கோபுரம் கடலிலிருந்து எழுவதைக் கண்ட சிறுவர்களுள் நானும் ஒருவன்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து கடலிற் செல்வதற்குத் தடைகள் வந்தன. போர் வளர்ந்தது, நாங்கள் இடம்பெயர்ந்தோம், திரும்பினோம், மீண்டும் பெயர்ந்தோம். வள்ளம் வளவின் மூலையிலே கிடுகுக் கொட்டிலின் கீழே கிடந்தது. கொட்டில் இற்று விழ, மழை அதன்மேல் நேரே பெய்தது. 2009இற் போர் முடிந்தபின் பெரியப்பாவின் வாயிலிருந்து அடிக்கடி ஒரே வார்த்தை வந்தது: "வள்ளத்தை ஒருக்கால் இறக்கிப் பாக்கவேணும்." அப்பொழுது அவருக்கு எண்பது வயது.

நான் அக்காலத்தில் ஆசிரியன். கலைப்பட்டதாரி, சுண்ணக்கட்டியைத் தவிர வேறு கருவி பிடித்தறியாதவன். 2011ஆம் ஆண்டு, அவருக்கு வியப்பளிக்க எண்ணி, வீட்டுக்குப் பூச்சுப் பூசுவோர் இருவரை அழைத்தேன். வெடிப்புகளிலெல்லாம் கடையில் விற்கும் இறுகும் பசையை அடைத்தார்கள். மேலே நீலமும் வெள்ளையுமாக இருமுறை பூசினார்கள். வள்ளம் புதுமணப்பெண் போல விளங்கிற்று. பெரியப்பா வந்து பார்த்தார், கையால் ஒருமுறை தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஓர் ஓடாவியை வரவழைத்தார்.

ஓடாவி என்பது எங்கள் பக்கத்திலே கப்பற்றச்சருக்கு வழங்கும் பெயர். வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பூச்சு நல்ல வடிவாய்க் கிடக்கு, மாஸ்டர். வள்ளத்தைத்தான் எங்கை எண்டு காணேல்லை" என்றார்.

பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துப் பசையைக் கொத்திக் களைய நாலு மாதம் சென்றன. அதற்குள் சோழகம் பிறந்துவிட்டது. அவருக்கு வேறு வேலைகளும் இருந்தன. 'அடுத்த வாடைக்குப் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டார். எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு 'அடுத்த வாடை' என்னும் சொல் எத்துணை நீண்டது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் பணி ஆரம்பமாயிற்று. வாடைக்காலமே கலம் புதுக்குங் காலம். வடகரைக் கடல் கொந்தளிப்பதால் அக்காலத்திலே பாய்க்கலங்கள் ஓடா. பழைய நாளிலும் இதுவே வழக்கம். காற்றே விடுமுறை தந்தது. அவ்விடுமுறையிலே பழுது பார்த்தார்கள்.

விடுமுறைக்காகக் காத்திருந்த மாணவர் சிலரை நானும் உடன் அழைத்துச் சென்றேன். பனங்குற்றிகளை உருளைகளாக இட்டு வள்ளத்தைப் புதுக்கொட்டிலுக்குள் ஏற்றினோம். ஓடாவியார் முதலிற் சொன்ன பாடம் எங்களை வியப்பில் ஆழ்த்திற்று. மரக்கலத்துக்குப் பகை கடல்நீர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவரோ மழைநீரே பகை என்றார். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் உப்புநீரில் இலகுவாக வளராது. மழைநீர் மூலைகளிலே தேங்கி, காற்றோட்டமில்லாமற் கிடந்தால், அங்கேதான் அது குடிகொள்ளும். எனவே அடிப்பலகையைவிட மேற்பலகையும், பாய்மரத்தின் அடி ஊன்றும் குழியும், அணியத்திலும் பின்புறத்திலும் பலகைகள் வந்து கூடும் முனைகளும் முதலிற் பழுதாகும். கடலிலே கிடந்த கலத்தைவிடக் கரையிலே கிடந்த கலம் விரைவிற் கெடுவதன் காரணம் இதுவே.

கடலிலும் பகை இல்லாமல் இல்லை. மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஒன்று உண்டு. வெளியே ஊசித்துளை அளவே தெரியும். உள்ளே பலகை தேனடை போலாகிவிடும். அதைத் தடுப்பதற்கே எங்கள் முன்னோர் கலத்தை அடிக்கடி கரையேற்றிக் காயவிட்டு, சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்து அடிப்புறத்திற் பூசினார்கள்.

அடுத்தது தட்டிப் பார்த்தல். வைத்தியர் நோயாளியின் மார்பைத் தட்டிக் கேட்பதுபோல, சிறிய மரச்சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டினார். நல்ல மரம் மணிபோல் ஒலிக்கும். உளுத்த மரம் ஊமையாக இருக்கும். ஐயமுள்ள இடத்திலே கத்திமுனையை ஊன்றுவார். நார் நாராக எதிர்த்தால் மரம் நலமாக இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் பழுது. மாணவர்களையும் தட்டச் சொன்னார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பிலே பெரும்பாலும் வாய் திறவாதவன், ஏராவை அடுத்த முதற்பலகையிலே ஓரிடத்தில் நின்றுவிட்டான். "இதிலை சத்தம் வேறை" என்றான். ஓடாவியார் கத்தியை ஊன்றினார், பிடிவரை இறங்கிற்று. நான் அழகாக நீலம் பூசுவித்த இடம் அது. ஏரா என்பது கலத்தின் முதுகெலும்பாகிய அடிமரம். அதனை அடுத்த பலகை கடலிலே கழன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்பலகை இற்றதற்குக் காரணம் ஆணி. இரும்பாணி உப்புநீரிலே துருப்பிடிக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கச் செய்து மென்மையாக்கிவிடுகின்றது. ஆணியின் தலை வெளியே நலமாகத் தோன்றும். இழுத்தால் ஊசியாய் மெலிந்து வரும். ஓடாவியார் அப்பலகையிலிருந்த இரும்பாணி அனைத்தையும் நீக்கிச் செப்பாணி இட்டார். 'ஆணி போதவில்லையே, நாலைந்து இரும்பாணி இட்டால் என்ன?' என்று கேட்டேன். இரும்பும் செம்பும் ஒரு பலகையிலே கூடா என்றார். காரணம் கேட்டதற்கு, "ஒண்டை ஒண்டு தின்னும்" என்று மட்டும் சொன்னார்.

இது சரித்திரம் அறிந்த உண்மை. கடற்புழுவைத் தடுப்பதற்காக 1761ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படையினர் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டாற் போர்த்தார்கள். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது புழு அணுகவில்லை. ஆனால் செம்பு தொட்ட இடத்து இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைப் பொதிந்து வந்த தாள் இடையிலே தற்செயலாக எஞ்சியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு தப்பியிருந்தது. இருவேறு உலோகங்கள் உப்புநீரிலே தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் உண்டாகி, எளிதில் வினைப்படும் உலோகம் கரைகின்றது. இன்றும் கப்பல்களின் அடியிலே நாகத்துண்டுகளைப் பொருத்துவது, கப்பலுக்குப் பதிலாக அத்துண்டு கரையட்டும் என்பதற்காகவே. பெரும் கடற்படை ஒன்று கப்பலிலே கண்டு கற்றதை, எங்கள் ஓடாவியார் மூன்று சொல்லிலே சொன்னார். மறுவாரம் பௌதிகவியல் ஆசிரியரை அழைத்துவந்து அம்மூன்று சொற்களை மாணவர்களுக்கு விளக்குவித்தேன்.

பலகை மாற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. இற்ற பகுதியோடு நின்றுவிடாமல் நல்ல மரம்வரை வெட்டவேண்டும். புதுப்பலகையின் முனையும் பழம்பலகையின் முனையும் நீண்ட சரிவாகச் சீவப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்காவது அச்சரிவு நீளவேண்டும். ஒரு பலகையின் மூட்டுக்கு நேரே அடுத்த பலகையின் மூட்டு வரலாகாது. சுவர் கட்டும் கொத்தனார் கல்லின் மூட்டை மாற்றி மாற்றி வைப்பதுபோலவே இதுவும். வங்குகளின் அடியிலே சிறு துளைகள் உண்டு. உள்ளே புகுந்த நீர் ஒரே இடத்துக்கு ஓடிவருவதற்கான வழி அது. எங்கள் வள்ளத்திலே அவை முப்பது ஆண்டு மண்ணால் அடைபட்டிருந்தன. அவற்றைத் துப்புரவாக்கி, ஊடே ஒரு மெல்லிய சங்கிலியைக் கோத்துவிட்டார். இடையிடையே சங்கிலியை இழுத்தால் வழி அடைபடாது.

இனிக் கலப்பற்று. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்திலே பஞ்சுத்திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, அதன்மேலே குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சி வார்த்து மூடுவதற்கே அப்பெயர். இங்கேதான் நான் இரண்டாம் தவறு செய்ய இருந்தேன். நெடுங்காலம் காய்ந்து கிடந்தமையாற் பலகைகள் சுருங்கி, பொருத்துகளிலே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. ஓடாவியார் திரியை மெல்லவே இறக்கினார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் உணவுக்குச் சென்ற வேளையிலே மாணவரை ஏவி, ஒரு பொருத்திலே இருமடங்கு திரியை இறுக அடிப்பித்தேன். அவர் வந்து பார்த்தார், கோபிக்கவில்லை, ஊசியாற் கொக்கியிட்டுத் திரி முழுவதையும் வெளியே இழுத்தார்.

பிறகு விளக்கினார். மரம் நீரை உண்ணும், உண்டால் விரியும். இடைவெளியை நாம் நிரப்பக்கூடாது. பலகைதான் விரிந்து நிரப்பவேண்டும். திரி, பலகை விரிந்து வந்து நெருக்குவதற்கு ஒரு மெத்தை. காய்ந்த பொருத்திலே இறுக அடைத்துவிட்டால், விரியும் பலகைக்கு இடம் இராது. அது வங்கை உடைக்கும். அல்லது ஆணியைப் பிடுங்கும். முதலாண்டு நான் அடைப்பித்த இறுகும் பசையும் அதையே செய்திருக்கும். நான் ஆசிரியன் என்பதனால் என் மனத்தில் வேறொன்றும் பட்டது. பிள்ளைகளின் அறிவிலுள்ள வெடிப்புகளையெல்லாம் ஒரே நாளில் இறுக அடைத்துவிட முயலும் ஆசிரியர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன் அன்றோ?

உடலுக்குப் பின் பாயும் கயிறும். இவற்றிலே கெடுதி எப்பொழுதும் உள்ளே தொடங்கும். பாய்மரம் புன்னைமரத்தாலானது. அதிலே நெடுக ஓடிய வெடிப்புகளைக் கண்டு நாங்கள் அஞ்சினோம். நெடுக்கு வெடிப்பு மரம் காய்ந்ததன் அடையாளம், அதனால் ஆபத்தில்லை. குறுக்கே மயிரிழை அளவு கோடு கண்டால் அதுவே முறிவின் தொடக்கம் என்று ஓடாவியார் சொன்னார். எங்கள் மரத்திலே குறுக்குக் கோடு இல்லை. அடிமுனை மட்டும் மழைநீர்க் குழியிலே நின்று இற்றிருந்தது. ஒரு சாண் அளவு அறுத்துக் கழித்தோம்.

கயிற்றை மேலாகப் பார்த்து விலைமதிக்கலாகாது. புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பார்க்கவேண்டும். உள்நார் பொடியாக உதிர்ந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாயினும் அக்கயிறு உயிரற்றது. தும்புக் கயிறு உப்புநீரைப் பொறுக்கும். நன்றாக நீண்டு கொடுக்கும். ஆதலால் நங்கூரத்துக்கு அது நன்று. பாயை ஏற்றும் கயிறாகிய ஆஞ்சானுக்கு நீளுந் தன்மை ஆகாது. ஏற்றிய பாய் தளர்ந்துவிடும். இன்று கடையிற் கிடைப்பவற்றிலும் இதே வேற்றுமை உண்டு: நைலோன் நீண்டு கொடுக்கும், பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது. ஆஞ்சான் எப்பொழுதும் பாய்மர உச்சியிலுள்ள கப்பியைச் சுற்றும் இடத்திலேதான் தேயும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டவேண்டும். தேய்வு வேறிடத்துக்குச் செல்லும். ஒரு கயிறு இரு கயிற்றின் காலம் உழைக்கும். இக்காலத்து உல்லாசப் பாய்ப்படகுகளிலே பாய்மரத்தைத் தாங்குவது கறையில்லா உருக்குக் கம்பி. அது துருவைக் காட்டாமல், முனையிலுள்ள பிடிக்குள்ளே இழை இழையாக அறும். அதனால் பத்தாண்டு ஆனதும் பழுது தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுமாறு அறிந்தோர் சொல்வர்.

பெரியப்பாவின் பருத்திப் பாயை எலியும் பூஞ்சணமும் உண்டுவிட்டன. புதிதாகப் பொலியெஸ்டர்ச் சீலை வாங்கினோம். அது மழைக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். சீலைக்கு முன் தையல் நூலே வெயிலில் இறும். எனவே பாயை இறக்கியதும் மூடிவைக்கவேண்டும். தையலை விரல்நகத்தாற் கீறிப் பார்த்து, அறுந்தால் மீளத் தைக்கவேண்டும். பழம்பாயை எறியவிருந்த எங்களை ஓடாவியார் தடுத்தார். அதை நிலத்திலே விரித்து, அதன் விளிம்புகளிலுள்ள வளைவை அளந்து, புதுப்பாயை அவ்வளவுக்கே வெட்டுவித்தார். பாய் தட்டையான துணியாக இருந்தால் காற்றைப் பிடியாது. அதன் வயிறு எங்கே எவ்வளவு என்பதுதான் பாய் தைப்பவனின் இரகசியம். அந்த இரகசியம் எலி தின்ற சீலையிலே எழுதப்பட்டிருந்தது.

2013ஆம் ஆண்டு மாசி மாத இறுதியிலே, கடல் தணிந்தபின், வள்ளத்தை இறக்கினோம். ஊர் கூடியிருந்தது. அரைமணிக்குள் வள்ளத்துள்ளே நீர் முழங்காலளவு ஏறிற்று. கூடியிருந்தோர் முகம் வாடிற்று; சிலர் நகைத்தனர். ஓடாவியார் மட்டும் மணலில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஊறட்டும்" என்றார். அன்றிரவு மாணவர்கள் முறைவைத்து நீர் இறைத்தார்கள். எத்தனை வாளி என்று குறிப்பேட்டிலே எழுதச் சொல்லியிருந்தேன்.

நேயர்களே, இந்தச் சிறு வள்ளத்தின் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கின்றேன்? எங்கள் கரையிலே இனிப் பாய்க்கப்பல்கள் ரங்கூனுக்கு ஓடப்போவதில்லை. 1960களின் இறுதியிலே நோர்வே நாட்டவரின் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டத் தொடங்கிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வகைப் படகுகளே எங்கும் நிறைந்தன. அவை உளுக்கா, இலேசானவை, கடற்றொழிலாளருக்குப் பெரும் உதவி. அவற்றைக் குறை சொல்வது நன்றியின்மை. ஆனால் ஒரு பொருள் உளுக்காது என்ற நம்பிக்கையிலே, தட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் நாம் கைவிட்டுவிட்டோம். எங்கள் பாடசாலைக் கூரைகளையும் குளக்கட்டுகளையும் ஏட்டுச்சுவடிகளையும் பாருங்கள். திறப்புவிழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பழுது பார்ப்பதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. விழா வரும்போது பூச்சு மட்டும் வருகின்றது.

பிறர் எவ்வாறு பேணுகின்றார்கள் என்பதற்கு எங்களோடு தொடர்புள்ள ஒரு சான்று உண்டு. 1817ஆம் ஆண்டு பம்பாயிலே, வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களால் தேக்குமரங் கொண்டு கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றின் பெயர் 'திருகோணமலை'. 1782இல் அத்துறைமுகத்துக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாக இட்ட பெயர் அது. அந்தக் கப்பலை இங்கிலாந்திலே ஹாட்லிபூல் என்னும் ஊரில் 1990இலிருந்து 2001 வரை பழுதுபார்த்துப் புதுக்கினார்கள். இருநூறு ஆண்டு கடந்த பின்னும் அது நீரிலே மிதக்கின்றது. எங்கள் துறைமுகத்தின் பெயரை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். 'அன்னபூரணி'யைக் கட்டிய கையின் அறிவை நாம் காப்பாற்றினோமா?

முழுவதும் காப்பாற்ற இயலாமற் போகலாம். எழுதியாவது வைக்கலாம். எங்கள் மாணவர்கள் அந்த வாடைக்காலத்திலே வாளிக்கணக்கு எழுதிய அதே குறிப்பேட்டின் மறுபக்கத்திலே ஓடாவியாரின் சொற்களையும் எழுதினார்கள்: ஏரா, வங்கு, அணியம், பறுவான், ஆஞ்சான், தாமான், கலப்பற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே படமும் பயனும் எழுதினார்கள். நான் அதிபரான பின் அந்தக் குறிப்பேட்டை நூலகத்தில் வைத்துள்ளேன். ஓடாவியாரின் பிள்ளைகள் ஒருவரும் அத்தொழிலிலே இல்லை. உங்கள் ஊரிலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பார். அவர் தச்சராக இருக்கலாம், குயவராக இருக்கலாம், கிணறு தோண்டுபவராக இருக்கலாம். அடுத்த வாடைக்குப் பார்ப்போம் என்று தள்ளிவையாமல் அவரிடம் ஒரு பிள்ளையையும் ஒரு குறிப்பேட்டையும் அனுப்புங்கள்.

பெரியப்பா அந்த வள்ளத்திலே ஏறவில்லை. நாங்கள் அதை இறக்கிய நாளிலே அவர் படுக்கையில் இருந்தார். நான் இழந்த ஓராண்டு அவருடைய கால்களிலிருந்து கழிந்துபோயிற்று. மூன்றாம் நாட் காலையிலே அவரிடம் சென்றேன். வள்ளத்தின் அழகைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, "எத்தினை வாளி, தம்பி?" என்று கேட்டார்.

"முதல் இரவு நூற்றுப்பத்து, இரண்டாம் இரவு பதினெட்டு, நேற்று மூன்று" என்றேன்.

"அப்ப ஊறியிட்டுது" என்றார், கண்களை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் அவர் காலமானார். அந்த ஆனியிலே, அவருடைய வள்ளத்திலே, மாணவர் நால்வரோடும் ஓடாவியாரோடும் நயினாதீவுக்குச் சென்றேன். கோபுரம் கடலிலிருந்து எழுந்தபோது அணியத்திலே அமர்ந்திருந்தவன், பலகையைத் தட்டிப் பழுதைக் கண்ட அந்த மாணவன்.